ரப்பர் பேண்டை முறுக்கி விமானம் விட்டவர்... ரைட் சகோதரர்களுக்கு முன்னோடியான அல்போன்ஸ் பெனோ யார்?

1903 டிசம்பர் 17. அமெரிக்காவின் கிட்டி ஹாக் மணல்மேட்டில் ரைட் சகோதரர்களின் விமானம் முதன்முதலாக எழும்பியபோது காற்றில் இருந்தது வெறும் 12 விநாடி. கடந்த தூரம் சுமார் 36 மீட்டர். இது எல்லாரும் பள்ளிக்கூடத்துலயே படிச்ச கதைதான்.

அதற்கு 32 வருஷம் முன்னாடியே, பாரீஸ் நகரப் பூங்கா ஒன்றில் இன்னொரு விமானம் 11 விநாடியில் 40 மீட்டர் பறந்திருக்கிறது. அதில் ஆள் யாரும் இல்லை. ஆள் ஏறவும் முடியாது. மொத்த எடையே 16 கிராம். நம்ம சட்டைப்பையில கிடக்குற ஐந்து ரூபாய் நாணயம் ரெண்டு மூணு சேர்ந்தா வரும் எடை. எஞ்சின்? முறுக்கி விட்ட ரப்பர்.

அதைச் செய்தவருக்கு அப்போது வயது 21. பெயர் அல்போன்ஸ் பெனோ. விமானத்தின் வாலை எங்கே, எப்படி வைக்க வேண்டும் என்று உலகத்துக்குச் செய்து காட்டியவர் இவர். ஆனால் 30 வயதிலேயே அவருடைய கதை முடிந்துபோனது. ஏன் அப்படி ஆனது? அதைப் புரிந்துகொள்ள, ஒரு விமானத்தை அதன் எஞ்சினுக்கு ஏற்ற அளவில் செய்வது ஏன் அவ்வளவு கஷ்டம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கப்பலுக்குப் போக முடியாத அட்மிரல் மகன்

1850 மே 31-ல் பாரீஸில் பிறந்தார் பெனோ. அப்பா பிரான்ஸ் கடற்படையில் அட்மிரல். பையனும் கப்பலுக்குத்தான் போவான் என்று வீட்டில் நினைத்திருப்பார்கள். ஆனால் சின்ன வயதிலேயே இடுப்பு மூட்டில் நோய் வந்தது. நடப்பதே சிரமம் என்று ஆனபிறகு கப்பல் தளத்தில் நிற்பது எங்கே? கடற்படைக் கதவு மூடிக்கொண்டது. கடலை விட்டுவிட்டு ஆகாயத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

அந்த நேரத்தில் பாரீஸ்காரர்களுக்குப் பறப்பது என்றால் பலூன்தான். 1870 செப்டம்பரில் பிரஷ்யப் படை நகரத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டது. உள்ளே இருந்த கடிதங்களும் தலைவர்களும் வெளியே போக இருந்த ஒரே வழி பலூன். முற்றுகை முடிவதற்குள் அறுபதுக்கும் மேற்பட்ட பலூன்கள் நகரத்திலிருந்து கிளம்பின. கிளம்பியது சரி, திரும்பி வர வழியில்லை. காற்று எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம்தான் பலூன் போகும். சில பலூன்கள் எதிரியின் கையிலேயே போய் விழுந்தன.

காற்றைவிட லேசான பலூனைத் தள்ளிக்கொண்டு போவதா, காற்றைவிடக் கனமான எந்திரத்தைப் பறவை மாதிரி பறக்க வைப்பதா என்று பிரான்ஸில் அப்போது பெரிய வாக்குவாதமே நடந்தது. பெனோ இரண்டாவது கட்சி. வாயால் வாதாடாமல், செய்து காட்டுவது என்று முடிவு பண்ணினார்.

ஏன் ரப்பர்?

பறக்கும் பொம்மைகள் அதற்கு முன்பும் இருந்தன. 1784-லேயே லோனுவா, பியான்வெனு என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் வில்லின் விசையில் சுழலும் ஒரு பொம்மையை மேலே எழுப்பிக் காட்டினார்கள். இங்கிலாந்தின் ஜார்ஜ் கெய்லியும் அதே மாதிரி ஒன்றைச் செய்தார். கடிகாரத்தில் வரும் சுருள்வில்லை வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே பிரச்சினைதான். விசை கொடுக்கும் பொருளின் எடைக்கு, அதில் சேமிக்க முடிகிற சக்தி ரொம்பக் கம்மி. இரும்பு வில் தன்னைத் தூக்குவதற்கே தடுமாறும்.

ரப்பர் பேண்ட் 1845-ல்தான் லண்டனில் காப்புரிமை பெற்றது. பெனோ காலத்தில் அது ஒரு எழுதுபொருள் கடைச் சரக்கு, அவ்வளவுதான். 1870-ல் அவர் செய்தது என்னவென்றால், ரப்பரை இழுத்து விடாமல் முறுக்கி விட்டது. கேட்க சின்ன விஷயமாத் தெரியும். நம்ம ஊர்த் திருவிழாக் கடைகளில் கவட்டையில் இழுத்து விடுகிற விளக்கு ஹெலிகாப்டரைப் பார்த்திருப்பீர்கள். இழுத்து விட்டால் ரப்பரின் மொத்த சக்தியும் ஒரே நொடியில் போய்விடும். பிறகு பொம்மை தானாகச் சுழன்று இறங்க வேண்டியதுதான். முறுக்கினால் கதை வேறு. சக்தி கொஞ்சம் கொஞ்சமாக, பத்துப் பதினைந்து விநாடிக்கு வந்துகொண்டே இருக்கும். ரப்பர் தானே சுழல்வதால் பற்சக்கரம் எதுவும் தேவையில்லை. ஒரு முனையைக் குச்சியில் கட்டி, மறுமுனையை விசிறியின் கொக்கியில் மாட்டினால் போதும்.

முதலில் அவர் செய்தது ரப்பரில் ஓடும் குட்டி ஹெலிகாப்டர். அது பொம்மையாகக் கடைகளுக்கும் போனது. அந்தப் பொம்மை போய்ச் சேர்ந்த ஒரு வீட்டைப் பற்றிப் பிறகு பார்க்கலாம்.

எரிந்த அரண்மனைக்குப் பக்கத்தில்

1871 மே மாதம் பாரீஸ் கம்யூன் எழுச்சி ஒடுக்கப்பட்டபோது துய்லரீ அரண்மனை தீக்கிரையானது. மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 18-ம் தேதி, அந்த அரண்மனைத் தோட்டத்தில் வான்பயண ஆர்வலர் சங்கத்தினர் கூடினார்கள். கருகிய சுவர்கள் அப்படியே நிற்க, 21 வயதுப் பையன் கையில் ஒரு குச்சியோடு வந்தார்.

அந்தக் குச்சிக்கு பிளானோஃபோர் என்று பெயர் வைத்திருந்தார். நீளம் 50 சென்டிமீட்டர். நடுவில் 45 சென்டிமீட்டர் இறக்கை. பின்னால் சின்னதாக ஒரு வால். அதற்கும் பின்னால் 21 சென்டிமீட்டர் விசிறி. ரப்பரின் எடை 5 கிராம். 240 முறுக்கு கொடுத்துக் கையை விட்டார். அது பறந்தது. 11 விநாடி, 40 மீட்டர்.

இதுல என்ன விசேஷம்னு கேட்டா, பறந்தது இல்லை, விழாமல் பறந்ததுதான். காகிதத்தை மடித்து விமானம் விட்ட எல்லாருக்கும் தெரியும்: ஒன்று மூக்கைத் தூக்கிக்கொண்டு அப்படியே பின்னால் சரியும், இல்லையென்றால் தலைகுப்புற மண்ணில் குத்தும். பெனோ வாலை இறக்கையைவிடச் சில டிகிரி கீழ்நோக்கிய கோணத்தில் வைத்தார். எடை மையம் கொஞ்சம் முன்னால் இருக்கும்படி பார்த்துக்கொண்டார். மூக்கு கீழே சாய்ந்தால் வேகம் கூடும். வேகம் கூடினால் காற்று வாலை அதிகமாக அமுக்கும். வால் அமுங்கினால் மூக்கு நிமிரும். மூக்கு ரொம்ப நிமிர்ந்தால் வேகம் குறையும், வாலில் அமுக்கம் குறையும், மூக்கு தானாகத் தணியும். யாரும் உள்ளே உட்கார்ந்து ஓட்டாமலேயே விமானம் தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது. பக்கவாட்டில் கவிழாமல் இருக்க இறக்கை முனைகளை மேல்நோக்கி வளைத்திருந்தார்.

இன்றைக்கும் கோயம்புத்தூரிலோ மதுரையிலோ வந்து இறங்குகிற பயணிகள் விமானத்தின் பின்பக்கம் இருக்கும் சின்ன இறக்கையின் அடிப்படை வேலை இதுதான்.

விரலுக்கேத்த வீக்கம்

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 16 கிராமில் 5 கிராம் ரப்பர். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு எடை எஞ்சினுக்கே போய்விட்டது. மீதி 11 கிராமுக்குள் குச்சி, இறக்கை, வால், விசிறி எல்லாம் அடங்கணும். அதாவது முதலில் விமானத்தைச் செய்துவிட்டு அதற்கு எஞ்சின் தேடவில்லை. கையில் இருக்கிற விசை எவ்வளவோ, அதற்கு ஏற்ற விமானம்.

சரி, இதையே ரெண்டு மடங்கு பெரிசாச் செஞ்சா? நீளம், அகலம், உயரம் எல்லாம் இரட்டிப்பானால் இறக்கைப் பரப்பு 4 மடங்காகும். எடையோ 8 மடங்காகும். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் இறக்கையும் முன்பைவிட இரண்டு பங்கு சுமக்க வேண்டும். அதற்கு வேகமாகப் பறக்க வேண்டும். வேகத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் தேவைப்படும் விசை 11 மடங்கைத் தாண்டும். சிட்டுக்குருவி நின்ற இடத்திலிருந்து ஜிவ்வென்று எழும்புவதையும், பழனிப் பக்கத்துக் காடுகளில் மயில் எழும்புவதற்குப் படும் பாட்டையும் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு காகிதமே இல்லாமல் புரியும்.

இன்றைக்கும் மாதிரி விமானம் செய்பவர்கள் இந்தக் கணக்கிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்கள் பயிற்சி எடுக்கும் கன்ட்ரோல் லைன் விமானம் இதற்கு நல்ல உதாரணம். ரிமோட் கிடையாது. விமானத்திலிருந்து வரும் இரண்டு மெல்லிய கம்பிகளைக் கையில் ஒரு கைப்பிடியில் பிடித்துக்கொண்டு, நடுவில் நின்று ஓட்டுபவரும் சுற்றணும். செக்கைச் சுற்றும் மாடு மாதிரி விமானம் வட்டமடிக்கும். கைப்பிடியைச் சாய்த்தால் வாலில் உள்ள மடிப்பு மேலும் கீழும் அசையும். அமெரிக்காவின் ஜிம் வாக்கர் 1940-களில் இதைப் பரவலாக்கினார்.

இதற்கென்று வரும் குட்டி எஞ்சின்களில் பிரபலமான அளவு 0.8 சிசி. நம்ம ஊர் நூறு சிசி பைக்கில் 125-ல் ஒரு பங்கு. ஆமணக்கு எண்ணெய் கலந்த மெத்தனாலில் ஓடும். இதற்குப் பொருத்தமான விமானம் என்றால், சுமார் 45 முதல் 60 சென்டிமீட்டர் இறக்கை, 150 முதல் 200 கிராம் எடை. பார்த்தீர்களா, இறக்கை நீளம் பெனோவின் ரப்பர் விமானத்துக்குக் கிட்டத்தட்ட அதேதான். எடை மட்டும் பத்து மடங்கு. அதனால் அது மெதுவாக மிதக்காது, சீறிக்கொண்டுதான் பறக்கும்.

கன்ட்ரோல் லைனில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எடை கூடினால் ஏறாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ரொம்ப லேசாகவோ மெதுவாகவோ இருந்தாலும் ஆபத்துதான். கம்பி விறைப்பாக இருந்தால்தான் கட்டுப்பாடு. கவணில் வைத்துச் சுற்றும் கல் கயிற்றை வெளியே இழுக்கிற மாதிரி, விமானம் கம்பியை இழுத்துக்கொண்டே இருக்கணும். 170 கிராம் விமானம், 9 மீட்டர் கம்பியில், விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் சுற்றினால் கையில் முக்கால் கிலோ இழுப்பு இருக்கும். ஒரு சுற்றுக்கு மூணு விநாடிகூட ஆகாது. வேகம் பாதியானால் இழுப்பு கால் பங்காகிவிடும். காற்று ஒரு தள்ளு தள்ளினால் கம்பி தொய்ந்து, விமானம் தலைக்கு மேலேயே வந்து விழும்.

இடம் ரொம்ப வேண்டாம். கீரனூர் மாதிரி ஊரில் அறுவடை முடிந்த வயல், 25 மீட்டர் அகலத்துக்கு வரப்பில்லாமல் கிடைத்தால் போதும். பக்கத்தில் மின்கம்பி மட்டும் இருக்கவே கூடாது. கையில் பிடித்திருப்பது உலோகக் கம்பி என்பதால் இது விளையாட்டு விஷயம் இல்லை.

இப்படிக் கட்டி ஓட்டும் யோசனை ஒன்றும் புதிதல்ல. பெனோ உயிரோடு இருந்தபோதே, 1879-ல், விக்டர் தத்தான் என்ற பிரெஞ்சுக்காரர் பாரீஸுக்கு அருகே ஷாலே மெதோனில் அழுத்தக் காற்று எஞ்சின் வைத்த விமானத்தை நடுவில் ஒரு கம்பத்தில் கட்டி, வட்டப் பாதையில் ஓடவிட்டு எழும்ப வைத்தார். எடை 1.75 கிலோ. ரப்பரைத் தாண்டி, எஞ்சின் விசையில் ஒரு மாதிரி விமானம் தரையிலிருந்து தானாகவே எழும்பியது.

காகிதத்திலேயே நின்ற விமானம்

பெனோவின் மனசு அப்போது மாதிரிகளைக் கடந்து போயிருந்தது. 1876-ல் போல் கோஷோ என்ற மெக்கானிக்கோடு சேர்ந்து ஆள் ஏறும் விமானம் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த வரைபடத்தைப் பார்த்தால் இன்றைக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கும். தண்ணீரிலும் தரையிலும் இறங்கக்கூடிய உடற்பகுதி. உள்ளே மடங்கிக்கொள்ளும் சக்கரங்கள், அதிர்ச்சி தாங்க அழுத்தக் காற்று. முன்னால் எதிரெதிர் திசையில் சுழலும் இரண்டு விசிறிகள். ஓட்டுபவருக்குக் கண்ணாடி மூடிய அறை. வாலின் இரண்டு அசைவுகளையும் ஒரே கட்டைப்பிடியில் கட்டுப்படுத்தும் ஏற்பாடு. இதில் பாதி விஷயங்கள் நடைமுறைக்கு வர இன்னும் ஐம்பது வருஷம் ஆனது.

இல்லாதது ஒன்றே ஒன்றுதான். எஞ்சின்.

இரண்டு ஆளோடு சேர்த்து 1,200 கிலோ எடை, 20 முதல் 30 குதிரைத்திறன், மணிக்கு 60 மைல் வேகம் என்று பெனோ கணக்குப் போட்டிருந்தார். அந்தக் காலத்தில் கிடைத்தது நீராவி எஞ்சின். கொதிகலன், தண்ணீர், நிலக்கரி எல்லாம் சேர்ந்தால் அதைத் தூக்குவதற்கே தனி விமானம் வேண்டும். ஜெர்மனியில் நிகோலஸ் ஓட்டோ தன் நான்கு வீச்சு எஞ்சினை ஓட்டிக் காட்டியதும் அதே 1876-ல்தான். ஆனால் அது தரையில் பதித்து வைக்கிற கனமான எந்திரம். விமானத்தில் ஏறும் அளவுக்கு அதன் வாரிசு மெலிய இன்னும் கால் நூற்றாண்டு ஆகும்.

உண்மையைச் சொன்னால் பெனோவின் கணக்கே கொஞ்சம் தாராளம். ரைட் சகோதரர்களின் 1903 விமானத்தில் ஆளோடு சேர்த்து ஒவ்வொரு குதிரைத்திறனுக்கும் முப்பது கிலோவுக்கும் குறைவாகவே சுமை இருந்தது. பெனோவின் திட்டத்தில் அது 40 முதல் 60 கிலோ. 5 கிராம் ரப்பருக்கு 16 கிராம் விமானம் என்று அவ்வளவு கச்சிதமாக அளந்தவர், பெரிய விமானத்தில் விரலை மீறின வீக்கத்துக்கு ஆசைப்பட்டுவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் அதைச் சோதித்துத் திருத்திக்கொள்ளப் பணம் வேண்டுமே!

பணம் கிடைக்கவில்லை. உடம்பும் ஒத்துழைக்கவில்லை. விமர்சனம் மட்டும் தாராளமாகக் கிடைத்தது. கடைசியாக அவர் நம்பியது ஹென்றி ஜிஃபாரை. 1852-லேயே நீராவி எஞ்சின் வைத்த பலூனைப் பாரீஸிலிருந்து ஓட்டிக் காட்டியவர். கொதிகலனுக்குத் தண்ணீர் செலுத்தும் கருவியைக் கண்டுபிடித்துப் பெரும் பணக்காரர் ஆனவர். அவரிடமிருந்தும் உதவி வரவில்லை.

1880 அக்டோபரில் பெனோ தன் வரைபடங்களையெல்லாம் ஒரு சின்ன சவப்பெட்டி மாதிரியான பெட்டியில் வைத்து, ஜிஃபார் வீட்டில் சேர்ப்பித்தார். வீடு திரும்பி உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 30. கண் பார்வை மங்கிக்கொண்டே வந்த ஜிஃபாரும் ஒன்றரை வருஷம் கழித்து, 1882-ல், அதே முடிவைத் தேடிக்கொண்டார்.

(மன உளைச்சலில் இருப்பவர்கள் தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலோ, டெலி மானஸ் 14416 எண்ணிலோ எந்த நேரமும் பேசலாம். கட்டணம் இல்லை.)

அப்பா வாங்கி வந்த பொம்மை

பெனோ இறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1878-ல், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு பாதிரியார் வெளியூர் போய்விட்டு வீடு திரும்பினார். கையில் மறைத்து வைத்திருந்த ஒரு பொம்மையைப் பிள்ளைகள் பக்கம் விட்டார். அது கீழே விழாமல் கூரை வரைக்கும் போய், படபடத்துக்கொண்டு நின்று, பிறகு இறங்கியது. தக்கை, மூங்கில், காகிதம், முறுக்கிய ரப்பர். பெனோவின் ஹெலிகாப்டர் வகைப் பொம்மைதான் அது. பாதிரியார் பெயர் மில்டன் ரைட். பெரிய பையன் வில்பருக்கு 11 வயசு, சின்னவன் ஆர்விலுக்கு 7.

இதில் ஒரு தற்செயல் உண்டு. துய்லரீ தோட்டத்தில் பிளானோஃபோர் பறந்தது 1871 ஆகஸ்ட் 18. ஆர்வில் ரைட் பிறந்தது அதற்கு மறுநாள்.

பொம்மை சீக்கிரமே உடைந்துபோனது. பையன்கள் தாங்களே அதே மாதிரி செய்தார்கள், பறந்தது. கொஞ்சம் பெரிசாச் செய்தார்கள், சுமாராகப் பறந்தது. இன்னும் பெரிசாச் செய்தார்கள், பறக்கவே இல்லை. அளவு இரண்டு மடங்கானால் விசை எட்டு மடங்காவது வேண்டும் என்பது அந்த வயதில் தங்களுக்குத் தெரியவில்லை என்று ரைட் சகோதரர்கள் பின்னாளில் எழுதினார்கள். மனம் விட்டுப்போய்ப் பட்டம் விடப் போய்விட்டார்களாம்!

திரும்பி வந்தபோது அவர்கள் அவசரப்படவில்லை. முதலில் கிளைடர். பிறகு காற்றுச் சுரங்கத்தில் சின்னச் சின்ன இறக்கைகளை வைத்து அளவெடுத்தார்கள். எவ்வளவு விசை போதும் என்று கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் எஞ்சினைப் பற்றிப் பேசினார்கள். அந்த அளவுக்கு எந்தக் கம்பெனியும் லேசான எஞ்சின் தராததால், தங்கள் சைக்கிள் கடை மெக்கானிக்கை வைத்தே 12 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்றைச் செய்துகொண்டார்கள். பெனோவுக்குக் கிடைக்காதது இந்த எஞ்சின்தான்.

முறுக்கிய ரப்பர் மட்டும் இன்றுவரை ஓய்வெடுக்கவில்லை. மூடிய அரங்குக்குள் ரப்பர் விமானம் விடுவதற்கு உலகப் போட்டிகளே நடக்கின்றன. அங்கே வரும் விமானத்தின் உடல் எடை ஒன்றரை கிராம்கூட இருக்காது. இறக்கை பெனோவுடையதைவிடக் கொஞ்சம்தான் நீளம். விசிறி நிதானமாக, எண்ணிவிடக்கூடிய வேகத்தில் சுழலும். விட்டால் அரை மணி நேரம் வரைக்கும் கீழே இறங்காது.